ஒரு பெட்டிக்குள் இரண்டு தொழில்

துளையிட்ட காகித ரோலைக் கொண்டு தானே வாசிக்கும் பிளேயர் பியானோவை வாங்கியவர்கள், பழுதுபார்க்கும் எங்களைக் கூப்பிடும்போது பெரும்பாலும் ஒரே ஒரு வார்த்தைதான் வரும்: ட்யூனிங். ரோல் பாதியில் நின்றாலும் ட்யூனிங், மிதித்து மிதித்துக் கால் கடுத்தாலும் ட்யூனிங், நடுவில் நாலு கட்டை ஊமையானாலும் ட்யூனிங். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விற்றவர் சொல்லி அனுப்பியதே அவ்வளவுதான்: வருடத்துக்கு இரண்டு தடவை ட்யூனரைக் கூப்பிடுங்கள், போதும். சாதாரணப் பியானோவுக்கு அது சரியான யோசனை. பிளேயர் பியானோவுக்கு அது பாதி யோசனை. அந்தப் பெட்டிக்குள் தந்தியும் சுத்தியலுமாக ஒரு பியானோ இருக்கிறது. அதோடு துருத்தி, தோல், ரப்பர் துணி, குழாய் என்று ஒரு காற்று இயந்திரமும் இருக்கிறது. முதலாவதைப் பார்க்கும் ஆள் அமெரிக்காவில் ஏறக்குறைய எந்த ஊரிலும் கிடைப்பார். இரண்டாவதைப் பார்க்கத் தெரிந்தவரைத் தேடிப் பல மணி நேரம் கார் ஓட்டிப் போக வேண்டியிருக்கும். இந்த வேலையில் இத்தனை காலம் இருந்து எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்றுதான். பழைய பிளேயர் பியானோக்களில் வயதால் போனவற்றைவிட அரைகுறைப் பழுதுபார்ப்பால் போனவை அதிகம். வாங்கிய பிறகு ஆள் தேடுவது அந்த அரைகுறை வேலைக்குத்தான் வழிவிடும். முதலில் ஆள், அப்புறம் பியானோ என்பதே நியாயமான வரிசை.

ஆள் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு வரலாற்றில் தெளிவான காரணம் உண்டு. டெட்ராய்ட்டில் எட்வின் வோட்டி பியானோலா என்ற தன் வாசிப்புக் கருவியை முதன்முதலில் 1895-ல் செய்தார். 1908-ல் பஃபலோ நகரில் கூடிய உற்பத்தியாளர்கள் ரோலின் அகலம் 11¼ அங்குலம், அங்குலத்துக்கு 9 துளை என்று ஒரு பொதுத் தரத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். எந்த நிறுவனத்தின் ரோலும் எந்த நிறுவனத்தின் பியானோவிலும் ஓடும் என்ற நிலை அதற்குப் பிறகு வந்ததுதான். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற பியானோக்களில் பாதிக்கு மேல் பிளேயர் பியானோக்கள். அந்தக் காலத்தில் நிறுவனங்களே பழுதுபார்க்கும் கையேடுகளை அச்சிட்டன, ட்யூனர்களுக்குப் பயிற்சி கொடுத்தன. பிறகு ரேடியோ வந்தது, மின்சார முறையில் பதிவான இசைத்தட்டு வந்தது, 1929-ல் பொருளாதாரம் சரிந்தது. தொழிற்சாலைகள் மூடியபோது பயிற்சியும் நின்றது. அடுத்த முப்பது வருடத்தில் பயிற்சி பெற்றிருந்தவர்கள் முதியவர்கள் ஆனார்கள்; அவர்களிடம் கற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. அறிவு முழுசாக அழியாமல் காத்தவர்கள் சேகரிப்பாளர்கள். பிரிட்டனில் பிளேயர் பியானோ குரூப் 1959-லும் அமெரிக்காவில் ஆமிகா என்ற சங்கம் 1963-லும் தொடங்கின. ஆர்தர் ரெப்லிட்ஸ் பிளேயர் பியானோ பழுதுபார்த்தலுக்கென்றே எழுதிய புத்தகம் 1985-ல் வந்தது. இன்றும் எங்கள் பட்டறைகளில் பசை படிந்த பக்கங்களோடு அது கிடக்கும். ஆக, ட்யூனிங் ஒரு தொழிலாகவே தொடர்ந்து வந்தது. பிளேயர் வேலையோ ஒரு தலைமுறை அறுபட்டு, ஆர்வலர்கள் கையால் மீண்டும் முடிச்சுப் போடப்பட்டது. இந்த வேறுபாடு தெரியாதவர்தான் ட்யூனரிடம் போய் எல்லாவற்றையும் எதிர்பார்த்து ஏமாந்துபோகிறார்.

ட்யூனிங் மட்டுமே தேவை என்றாலும் பிளேயர் பியானோவில் அது எளிதல்ல. நிமிர்ந்த வகைப் பியானோவில் ரோல் பெட்டி சரியாக நடுவில், ட்யூனிங் பின்களுக்கு முன்னால் நிற்கும். 88 குட்டித் துருத்திகள் அடுக்கிய ஸ்டாக் சுத்தியல்களை மறைத்துக்கொண்டிருக்கும். அடுத்த தந்தி ஒலிக்காமல் இருக்க ட்யூனர் செருகும் ரப்பர் ஆப்பை உள்ளே நுழைக்கவே இடம் இருக்காது. நீளமான கவட்டை ஆப்பு வேண்டும், ட்யூனிங் லீவருக்கு நீண்ட தலை வேண்டும், பொறுமையும் வேண்டும். அதனால் கூடுதல் கட்டணம் கேட்கும் ட்யூனர் நேர்மையானவர்தான். எனக்கு இது பழக்கமில்லை என்று சொல்லிவிடும் ட்யூனர் அவரைவிட நேர்மையானவர். கவலைப்பட வேண்டியது, மறைந்திருக்கும் பகுதியைத் தோராயமாக முறுக்கிவிட்டுக் கிளம்புகிறவரைப் பற்றி. இன்னொன்றும் உண்டு. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1891-ல் ஏற்றுக்கொண்ட சுருதி 435 ஹெர்ட்ஸ். இன்று உலகம் நிற்பது 440-ல். நூறு வயதான பியானோ பல வருடம் ட்யூன் செய்யப்படாமல் கிடந்து அரைச் சுருதிக்கும் கீழே இறங்கியிருந்தால், அதை ஒரே நாளில் 440-க்கு இழுப்பது துருப்பிடித்த தந்திகளுக்கு ஆபத்து. ஏறத்தாழ 230 தந்திகள் சேர்ந்து 15 முதல் 20 டன் வரை இழுவிசையைச் சட்டகத்தின்மேல் சுமத்துகின்றன. அத்தனையையும் ஒரே தடவையில் மாற்றினால் பியானோ அன்றைக்கே மறுபடி இறங்கத் தொடங்கும். இரண்டு மூன்று சுற்றில் ஏற்றுவது, அல்லது பாடகரோ வேறு வாத்தியமோ கூடச் சேரப்போவதில்லை என்றால் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிடுவது, இரண்டும் மதிக்கத்தக்க முடிவுகள்.

இனி அந்தக் காற்று இயந்திரம். நம் ஆர்மோனியத்தின் துருத்தி காற்றை உள்ளே தள்ளி நாக்குகளை அதிர வைக்கிறது. பிளேயர் பியானோவின் துருத்தி அதற்கு நேர்மாறாகக் காற்றை வெளியே இறைத்து உள்ளே வெற்றிடத்தை உண்டாக்குகிறது. காகிதச் சுருளில் ஒரு துளை டிராக்கர் பார் என்ற பித்தளைப் பட்டையின் துளைக்கு நேராக வந்ததும், வெளிக்காற்று குழாய் வழியே போய் ஒரு மெல்லிய தோல் பவுச்சை உப்ப வைக்கும். அது வால்வைத் தூக்கும். வால்வு திறந்ததும் குட்டித் துருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்படும், அது மடங்கி சுத்தியலைத் தள்ளும். துளை கடந்துபோனதும் பவுச்சுக்குள் மிச்சமிருக்கும் காற்று வெளியேற வேண்டும்; அதற்கென்று ஊசி நுழையும் அளவில் ஒரு சிறு கண் வைத்திருப்பார்கள். எங்கள் வேலையில் பாதி இந்தக் கண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது. காகிதத் தூசி அதை அடைத்தால் வால்வு மூடாது. சுரம் ஒட்டிக்கொண்டு நிற்கும், அல்லது அடுத்தடுத்து அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு தடவை மட்டும் அடிக்கும். தோல் ஓட்டையாகிப் போனால் எதிர்க்குறி: சுரம் வரவே வராது, அல்லது பலமாக மிதித்தால் மட்டும் வரும். இரண்டு பக்கத்துச் சுரங்கள் சேர்ந்து ஒலித்தால் காகிதம் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அங்குலத்துக்கு 9 துளை இருக்கும் இடத்தில் 1/18 அங்குலம் நகர்ந்தாலே காகிதத் துளை இரண்டு துளைகளுக்கு நடுவில் நிற்கும். இவற்றில் ஒன்றுகூட ட்யூனிங் லீவரால் தீராது.

வீட்டுக்காரர் தானே செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு, யாரையும் கூப்பிடும் முன் அவற்றைச் செய்வது பணத்தை மிச்சப்படுத்தும். ரோலில் வராத சுரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். கையால் வந்தால் கோளாறு காற்றில். கையாலும் வராவிட்டால் பியானோவில். கையால் வருகிறது, ஆனால் கட்டை மந்தமாக ஏறி இறங்குகிறது என்றால் அதுவும் பியானோவின் கோளாறுதான். மந்தமான கட்டையை மனித விரல் தன்னை அறியாமலே கொஞ்சம் அழுத்திச் சமாளித்துக்கொள்ளும். காற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, 88 கட்டைக்கும் ஒரே விசைதான் போகும். இன்னொரு சோதனை வேகம். டெம்போ முள்ளை 70-ல் வைத்தால் ஒரு நிமிடத்தில் 7 அடி காகிதம் நகர வேண்டும். சோதனை ரோலில் அந்த அளவு அச்சிட்டிருக்கும்; இல்லாவிட்டால் காகிதத்தில் பென்சிலால் குறித்து அளந்துகொள்ளலாம். மெதுவாக மிதித்தால் ஒரு வேகம், வேகமாக மிதித்தால் வேறு வேகம் என்று ஓடினால் காகிதத்தை இழுக்கும் காற்று மோட்டாரோ அதன் வேகத்தைச் சீராக்கும் கவர்னரோ ஒழுகுகிறது. இந்த மூன்று விவரத்தையும் தொலைபேசியில் சொல்கிறவரிடம் யார் வர வேண்டும், எத்தனை நேரம் ஆகும் என்பதை எங்களால் ஓரளவு சொல்லிவிட முடியும்.

அரைகுறைப் பழுதுபார்ப்பு என்று சொன்னேன். அது பெரும்பாலும் பசையில் தொடங்குகிறது. தொழிற்சாலையில் எல்லாவற்றையும் ஒட்டியது தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரப் பசை, நம் ஊர்த் தச்சர்கள் பயன்படுத்திய அதே பசை. சூடும் ஈரமும் பட்டால் அது விட்டுக்கொடுக்கும்; துணி தேய்ந்ததும் பிரித்து, மரத்துக்குச் சேதமில்லாமல் புதுத் துணி ஒட்டலாம். நூறு வருடத்துக்கு முன் இதைச் செய்தவர்கள் இயந்திரம் பிரிக்கப்படும் என்று தெரிந்தே செய்தார்கள். பிற்காலத்தில் பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளைப் பசை வந்தது, சிலிக்கோன் வந்தது, செருப்புக்கு ஒட்டும் காண்டாக்ட் பசை வந்தது. அவசரத்துக்கு அதை அப்பிவிட்டுப் போனவர் அன்றைக்கு ஒரு ஒழுகலை நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளைப் பசை மரத்தின் நாருக்குள் இறங்கிவிடும், அடுத்த ஆள் பிரிக்கும்போது மரமே பிய்ந்து வரும், அந்த இடத்தில் வச்சிரம் மறுபடி பிடிக்காது. தோலுக்குப் பதிலாக வந்த சில பிளாஸ்டிக் படலங்கள் சில வருடங்களிலேயே விறைத்துப்போன கதையும் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. கையே படாத பியானோ ஒன்று பட்டறைக்கு வந்தால், அது எத்தனை மோசமாகத் தெரிந்தாலும் எங்களுக்கு நிம்மதி. மூன்று பேர் மூன்று விதமாக ஒட்டிவைத்த பியானோவுக்கு அதைவிட அதிக மணி நேரம் பிடிக்கும், பில்லும் ஏறும்.

நாலு சுரம்தான் வேலை செய்யவில்லை, அந்த நாலை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்பார்கள். இது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். அடைப்பை உறிஞ்சி எடுப்பதற்கென்று கைப்பம்பு இருக்கிறது. டிராக்கர் பாரின்மேல் வைத்து இழுத்தால் தூசி வந்துவிடும். கழன்ற குழாயை மாட்டலாம். இதெல்லாம் நாலு சுரத்துக்கு மட்டும் செய்யக்கூடிய வேலை, செய்யவும் வேண்டும். ஆனால் நாலு குட்டித் துருத்தியின் துணி கிழிந்திருந்தால் மற்ற 84-இன் துணியும் அதே நாளில், அதே சுருளிலிருந்து வெட்டி ஒட்டியதுதான். ரப்பர் துணிக்கு நல்ல சூழலில் முப்பது, நாற்பது வருட ஆயுள். ரப்பர் குழாயும் ஏறக்குறைய அப்படித்தான் விறைத்து வெடிக்கும். ஸ்டாக்கை வெளியே எடுப்பதுதான் பெரிய வேலை. எடுத்துவிட்டு நாலை மட்டும் ஒட்டிவைத்தால் அடுத்த வருடம் வேறு ஆறு போகும், மறுபடி எடுக்க வேண்டும். முழுதாகச் செய், இல்லையென்றால் பணம் சேரும்வரை கைவைக்காமல் விடு என்பதே என் வாதம். கைவைக்காமல் விடுவதில் பியானோவுக்கு நஷ்டமில்லை. முழுதாகச் செய்வதென்றால், ஸ்டாக் வெளியே இருக்கும் மாதங்களில் பியானோ வெறுமையாக, எல்லாப் பக்கமும் எட்டும்படி நிற்கும். சுத்தியல்களைச் சீர்படுத்துவது, தளர்ந்த பின்களை மாற்றுவது, சுருதியைச் சுற்றுச் சுற்றாக ஏற்றுவது எல்லாவற்றுக்கும் ட்யூனரைக் கூப்பிட அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டு தொழில்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டால் வீட்டுக்காரருக்குப் பெருஞ்செலவு மிச்சம், நடைமுறையில் அவர்கள் பேசிக்கொள்வது அபூர்வம்.

மிதிக்கக் கடினமாக இருக்கிறதா, உறிஞ்சும் மின்மோட்டார் ஒன்றைக் கீழே வைத்துவிட்டால் போகிறது என்பது இன்னொரு யோசனை. மோட்டார் ஒழுகலை மூடவில்லை. ஒழுகும் காற்றைவிட அதிகமாக இறைக்கிறது, அவ்வளவே. கால் மிதிக்கும் பிளேயரில் இசையின் ஏற்ற இறக்கமே பாதத்தில் இருக்கிறது, ஓர் இடத்தில் அழுத்தினால் அந்தச் சொற்றொடர் எழும்பும், தளர்த்தினால் அடங்கும். ஒழுகாத பிளேயரை ஒரு குழந்தையால் மிதிக்க முடியும். மோட்டார் வைத்தபின் அந்த வாத்தியம் ஒரே சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே தோல் வீணாகிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. ஸ்டாக்கையே கழற்றி எறிந்துவிட்டுப் பியானோவாக வைத்துக்கொள்வோம் என்பவர்களும் உண்டு. முன்பு பல ஆயிரம் வீடுகளில் அப்படித்தான் நடந்தது. ட்யூனருக்கு அது வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிளேயருக்கென்று ஆழமாகச் செய்த பெட்டியில் உள்ளே காலி இடமும் வெளியே பயனற்ற கதவுகளும் மிஞ்சும், திரும்ப விற்கும்போது வாங்குவார் இருக்க மாட்டார். உள்ளே துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள் வீங்கி வெடித்து, மாற்றுப் பாகமும் கிடைக்காத நிலையில் கழற்றுவதை நான் எதிர்க்க மாட்டேன். கழற்றியதைக் குப்பையில் போடாமல் பெட்டியில் கட்டி வையுங்கள். அதே மாதிரி இன்னொரு பியானோ வைத்திருப்பவருக்கு அது உயிர்.

தானே செய்துகொள்ளலாமா? செய்யலாம். இன்று நல்ல பெயரோடு வேலை செய்யும் பலர் தங்கள் வீட்டுப் பியானோவில் தொடங்கியவர்கள்தான். அந்தச் சேகரிப்பாளர் சங்கங்கள் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே மிஞ்சியிருக்காது. நான் வைக்கும் நிபந்தனை சின்னது. முதலில் வெளியே எடுத்து மேஜைமேல் வைக்கக்கூடிய பெரிய துருத்தியில் கைப்பழக்கம் வரட்டும், பிறகு ஸ்டாக். வச்சிரம் தவிர வேறு பசை வேண்டாம். ஈயக் குழாய் உள்ள ஆரம்ப காலப் பியானோ என்றால் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். அது விஷம், கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது. வெல்ட்டே மிஞான், டூயோ ஆர்ட், ஆம்பிகோ போன்ற ரீப்ரொட்யூசிங் பியானோவில் மட்டும் புதியவர் தொடங்கவே வேண்டாம். சாதாரண ரோலில் எந்தச் சுரம், எப்போது என்பது மட்டுமே இருக்கும். இவற்றின் ரோலிலோ எவ்வளவு பலமாக என்பதும் துளையாகப் பதிவாகியிருக்கும். இசையமைப்பாளர் மாலர் 1905-ல் வெல்ட்டேக்காக வாசித்ததும், ரக்மானினாஃப் ஆம்பிகோவுக்கு வாசித்ததும் நமக்குக் கேட்கக் கிடைப்பது அந்தத் துளைகளால்தான். உறிஞ்சு விசையை நீர்மட்ட அளவுமானி வைத்து, கையேட்டில் உள்ளபடி ஒவ்வொரு படியாக அமைக்க வேண்டும். அளவு தவறினால் ரக்மானினாஃப் முரட்டுத்தனமாக வாசித்தார் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். ஒரு கலைஞனின் வாசிப்புக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம் இதுதான்: இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, மின்னணு பிளேயர் வாங்கிவிட்டால் போயிற்றே? யமஹாவின் டிஸ்க்லேவியர் 1987-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது, ஸ்டெய்ன்வே 2015-ல் ஸ்பிரியோவைக் கொண்டுவந்தது. அவற்றின் வாசிப்புத் துல்லியம் அபாரம், ட்யூனருக்கு இடைஞ்சலும் குறைவு, சில வருடங்களுக்கு உத்தரவாதமும் உண்டு. முதல் பத்து வருடம் பற்றிப் பேசினால் இந்த வாதத்தை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். கேள்வி இருபத்தைந்தாம் வருடம் பற்றியது. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் விற்றவை 3½ அங்குல ஃபிளாப்பியைத் தேடிக்கொண்டிருக்கின்றன. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் கெப்பாசிட்டர்கள் உலர்ந்துபோகின்றன. அந்தப் பலகையை அதே வடிவில் யாரும் இப்போது செய்வதில்லை. முழு அமைப்பையும் புதிதாக மாற்றுங்கள் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ஃபிளாப்பிக்குப் பதில் மெமரி ஸ்டிக் செருகும் கருவிகள் இருக்கின்றன, பலகையைச் சரிசெய்யும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆயினும் 1915-ல் செய்த காற்று இயந்திரத்தில் என்னால் செய்ய முடியாத பாகம் மிகக் குறைவு: மரம், தோல், துணி, பசை, குழாய். அதன் ஆயுளைத் தீர்மானிப்பது நல்ல கைகள் கிடைப்பது. மின்னணுவின் ஆயுளை ஒரு நிறுவனத்தின் உற்பத்தித் திட்டம் தீர்மானிக்கிறது. ரோலுக்கும் இதே நியாயம் பொருந்தும். 1900-ல் தொடங்கிய கியூ.ஆர்.எஸ். நிறுவனம் பஃபலோவில் ரோல் அடிப்பதை 2008 கடைசியில் நிறுத்தியபோது பத்திரிகைகள் இரங்கல் எழுதின. ஆனால் 1908-ன் பொதுத் தரம் யாருக்கும் சொந்தமில்லாததால் சிறிய ஆட்கள் இன்றும் ரோல் துளைக்கிறார்கள், பழைய ரோல்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

செலவு பற்றி மறைக்க ஒன்றுமில்லை. நிமிர்ந்த பழைய பிளேயர் பியானோவை இன்று தூக்கிப்போகும் கூலி கொடுத்தால் போதும் என்று இலவசமாகவே தருகிறார்கள். அதன் காற்றுப் பகுதியை முழுதாகச் செய்யப் பல ஆயிரம் டாலர் ஆகும், பியானோ வேலை தனி. செய்து முடித்தபின் சந்தை விலை அந்தச் செலவைத் தொடாது. முதலீடாகப் பார்ப்பவர் தொட வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். வீட்டில் பாட்டி மிதித்த பியானோ, அல்லது அந்த இசை பிடித்துப்போய் விட முடியாத ஆசை, இந்த இரண்டு காரணமே போதுமானவை. அப்படி முடிவு செய்தவர் பணம் கொடுக்கும் முன் தன் வட்டாரத்தில் பிளேயர் வேலை பார்க்கும் ஆளைக் கண்டுபிடித்து, வாங்கப்போகும் பியானோவைக் காட்ட வேண்டும். சேகரிப்பாளர் சங்கத்தில் விசாரித்தால் பெயர்கள் கிடைக்கும். நல்ல ட்யூனருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஆளிடம் கேட்க வேண்டியவை: எந்தப் பசை, எந்தத் துணி, முன்பு முடித்த பியானோ ஒன்றைப் போய் மிதித்துப் பார்க்கலாமா, காத்திருப்பு எத்தனை மாதம். பசையின் பெயரைச் சொல்லத் தயங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டாம். காத்திருப்பு ஒரு வருடத்துக்கு மேல் என்றால் அது நல்ல அறிகுறிதான். வீட்டில் ஈரப்பதம் வருடம் முழுக்க 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொண்டால், தந்திக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் ஒருசேர நல்லது. ட்யூனர் வரும் இடைவெளியும் நீளும். வேலை முடிந்ததும் என்ன பசை, என்ன துணி, எந்தக் குழாய், எந்த வருடம், எவை மாற்றப்படவில்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக் கீழ்ப்பலகையின் உட்புறம் ஒட்டச் சொல்லுங்கள். முப்பது வருடம் கழித்து அதைத் திறக்கப்போகும் ஆளுக்கு வேறு எந்தத் துப்பும் இருக்காது.